இடது இறக்கை

"இது எப்போ முடியும்?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

ஜெசிந்தா தலை நிமிரவில்லை. அவள் கையில் யாருடைய வாய்க்கோ போகவேண்டிய கீழ்வரிசைப் பற்கள் இருந்தன. அதில் ஒரு பல்லை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஊதி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"பெட்டியை இன்னும் திறக்கவே இல்லையே சார்," என்றாள்.

*

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்து, பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மேஜையில், அதே கருவிகளை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் விமானங்கள் செய்கிறாள். சுவர் அலமாரியில் பதினொரு விமானங்கள் நிற்கின்றன.

சீடருக்கு வயது அறுபத்தாறு. அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்தெட்டு வருடம் கட்டட வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். இவளைப் பற்றி யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு மாடியேறி வந்திருக்கிறார்.

வயதை வைத்து இவளை அவள் என்றும் இவரை அவர் என்றும் எழுதுகிறேன். வித்தையை வைத்து எழுதினால் மாற்றித்தான் எழுத வேண்டியிருக்கும்.

பெட்டியில் இருந்தது துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கவேண்டிய ஒரு சண்டை விமானம். ரஷ்யாவில் பிறந்து நம் வானத்தில் பறந்த ஒற்றை எஞ்சின் ஜெட். அதன் எண்ணைச் சொல்லமாட்டேன். சொன்னால், "அந்த ரகத்தில் அந்த மூடி அங்கே கிடையாதே" என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். விமானம் தெரிந்தவர்கள் அப்படித்தான். இந்தக் கதையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார்.

*

"யாருக்கு சார் இது?"

"எங்க அண்ணனுக்கு. மாசிலாமணின்னு பேரு. ஏர்ஃபோர்ஸ்ல ஃபிட்டர். இந்த விமானத்தோட உடம்பு, இறக்கை, மூடி, திருகாணி எல்லாம் அவர் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. இந்தப் பெட்டிகூட அவர் வாங்கினதுதான். ரிடையர் ஆனதும் உட்கார்ந்து செய்யறேன்னு பரண்ல போட்டார்."

"அப்புறம்?"

"ரிடையர் ஆனார். வேற ஒரு வேலைக்குப் போனார். அண்ணி தவறிட்டாங்க. சர்க்கரை வந்துச்சு."

ஏகாம்பரம் பெட்டியின்மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

"கண்ணு போயிடுச்சும்மா. ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டு கண்ணும்."

இப்போதுதான் ஜெசிந்தா நிமிர்ந்தாள்.

"எங்க வீட்டோடதான் இருக்கார். பேச்சே நின்னுபோச்சு. எது கேட்டாலும் ஒரு 'உம்'. போன வாரம் மட்டும் வாயைத் திறந்தார். தை பிறந்ததும் என்னை ஏதாவது ஹோம்ல சேர்த்துடுடா, இங்க எனக்கு ஒரு வேலையும் இல்லைன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிண்ணேன்னு சொன்னேன்."

ஏகாம்பரம் அப்படித்தான். போகாதே என்று சொல்லவேண்டிய இடத்தில் சரி என்பார். அண்ணன் பதினெட்டு வயதில் படையில் சேர ரயில் ஏறியபோதும், ஒன்பது வயதுத் தம்பி பிளாட்பாரத்தில் நின்று சரி என்றுதான் சொன்னான். அந்த வீட்டில் யாரும் யாரிடமும் போகாதே என்று சொல்லிப் பழகவில்லை.

ஆனால் அண்ணன் போகக்கூடாது. அதைச் சொல்ல வாய் வராததால் பரணில் ஏறி இந்தப் பெட்டியை இறக்கினார்.

"கண்ணு தெரியாதவருக்கு பெயிண்ட் எதுக்கு சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பார்க்கிறவங்க பார்ப்பாங்கம்மா. அண்ணனைப் பார்க்க நாலு பேர் வருவாங்க. மேஜை மேல இதைப் பார்த்து, ஆகா, இவர் இதுலயா வேலை பார்த்தார்னு கேட்பாங்க. அவருக்கும் ஒரு பெருமை."

ஜெசிந்தா பற்களை ஓரமாக வைத்தாள்.

"திறங்க," என்றாள்.

*

உள்ளே சாம்பல் நிறச் சட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு சட்டத்திலும் விமானத்தின் உறுப்புகள் கொத்தவரங்காய் மாதிரி காய்த்துத் தொங்கின.

அது அந்தக் காலத்து அச்சு. விமானத் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருந்தன. ஆணித் தலைகள் கடுகைவிடச் சின்னப் புள்ளிகளாக எழும்பி நின்றன.

"கோடெல்லாம் மேல நிக்குது," என்றாள் ஜெசிந்தா, நகத்தால் ஒரு இறக்கையைத் தடவிக்கொண்டே.

"பழைய மாடல்தானே," என்றார் ஏகாம்பரம். பழைய வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது அவர் குரல்.

*

மூன்றாவது ஞாயிறு.

"உடம்போட ரெண்டு பாதியையும் ஒட்டிடலாமா டீச்சர்?"

டீச்சர் என்று கூப்பிடலாம் என்று அவரே முடிவு செய்திருந்தார். மகளைவிடச் சின்னவளைக் குருவே என்று கூப்பிட யாருக்கு வரும்?

"மூக்குல என்ன போட்டீங்க?"

"மூக்குல என்ன போடணும்?"

"கனம்."

"உள்ள போட்டா வெளியே யாருக்கும் தெரியாதே?"

ஜெசிந்தா இரண்டு பாதிகளையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டினாள். இறக்கைகளையும் சக்கரங்களையும் மெழுகு வைத்துத் தற்காலிகமாகப் பொருத்தினாள். மேஜைமேல் நிறுத்தி, மூக்கை ஒரு விரலால் பிடித்துக்கொண்டாள். விமானம் அழகாக நின்றது.

விரலை எடுத்தாள்.

விமானம் வாலைக் கீழே போட்டு உட்கார்ந்து, மூக்கை ஆகாயத்தில் தூக்கியது.

"வீட்டுலேருந்து ஏதாவது கொண்டு வாங்க," என்றாள்.

*

அண்ணனின் கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதில் ஸ்க்ரூ, நட்டு, வாஷர் என்று ஒரு ஆயுள்காலம் கிடந்தது.

ஏகாம்பரம் சத்தம் வராமல்தான் திறந்தார். டப்பா சொன்னதைக் கேட்காமல் கடகடத்தது.

"என்னடா எடுக்கிறே?" என்றார் மாசிலாமணி நாற்காலியிலிருந்து.

"நாலு நட்டு அண்ணே. சின்னதா."

எதற்கு என்று கேட்பார் என்று காத்திருந்தார். பழைய அண்ணன் கேட்டிருப்பார். எதற்கு, எங்கே மாட்டப் போகிறாய், அந்த இடத்துக்கு அந்த நட்டு சரிவராதே என்று மூன்று கேள்வியாவது கேட்டிருப்பார்.

"டப்பாவோட எடுத்துக்கோ. எனக்கு இனிமே எதுக்கு?"

ஏகாம்பரம் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு டப்பாவைப் பழைய இடத்திலேயே தள்ளி வைத்தார். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான்கு நட்டுகளும் விமானத்தின் மூக்குக் கூம்புக்குள் போயின. ஜெசிந்தா பசை ஊற்றி மூடினாள். விமானம் சொந்தக் காலில் நின்றது.

*

இறக்கையிலும் வாலிலும் ஒட்டவேண்டிய சின்னங்கள் ஒரு தாளில் இருந்தன. தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டுகிற ரகம். முப்பத்தைந்து வருடத்தில் அந்தத் தாள் டீ கொட்டியதுபோல் மஞ்சளாகிவிட்டிருந்தது.

"தூக்கிப் போட்டுடலாமா டீச்சர்?"

"ஜன்னல் கண்ணாடியில ஒட்டி வைங்க. வெயில் பட்டா மஞ்சள் போயிடும்."

"எத்தனை நாள்?"

"வெயிலைத்தான் கேட்கணும்."

அது கார்த்திகை மாதம். சென்னையில் வெயில் லீவு போட்டுவிட்டு எங்கேயோ போயிருந்தது. ஏகாம்பரம் தினமும் காலையில் ஜன்னலுக்குப் போய்த் தாளைப் பார்ப்பார், வானத்தைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார். தை அவர் தலைக்குமேல் வந்துகொண்டிருந்தது.

அன்று கிளம்பும்போது அவள் ஒரு பல் செட்டின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கத்துக்குச் செலவிட்டதைவிட அதிக நேரம் தேய்த்தாள்.

"உள்பக்கம் எதுக்கு இவ்வளவு? யார் பார்க்கப் போறாங்க?" என்றார் அவர்.

"நாக்கு பார்க்கும்," என்றாள் ஜெசிந்தா.

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டே படி இறங்கினார். நல்ல பதில் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

*

இரண்டு ஞாயிறு மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். வகுப்பு இல்லை.

சும்மா இருக்கமாட்டாமல் ஏகாம்பரம் ஃபோனில் வீடியோ பார்த்தார். பத்து வீடியோ பார்த்தார். பத்துப் பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். மேடான கோடு பழைய காலத்துத் தப்பு. நிஜ விமானத்தில் கோடு அப்படி நிற்காது. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, ஊசியால் மெல்லிய பள்ளமாகக் கீறுவதுதான் இப்போதைய முறை.

பத்துப் பேர் சொன்னால் ஏகாம்பரம் கேட்டுக்கொள்வார். அரசு அலுவலகத்தில் இருந்தவர்.

உப்புத்தாளை எடுத்தார். தண்ணீர் தொட்டுத் தொட்டு நாலு நாள் தேய்த்தார். நாலாம் நாள் இடது இறக்கை கண்ணாடி மாதிரி மின்னியது.

தெருத் தண்ணீர் வடிந்ததும் முதல் ஆளாக மாடியேறினார்.

"பாருங்க டீச்சர்! ஒரு பிசிறு கிடையாது. வலது பக்கத்தையும் இப்படியே பண்ணிட்டா அப்புறம் கீற ஆரம்பிச்சுடலாம்."

ஜெசிந்தா இறக்கையைக் கையில் வாங்கினாள். பார்த்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"கண்ணை மூடுங்க சார்."

"எதுக்கு?"

"மூடுங்க."

மூடினார். அவள் அவர் கையில் ஒரு இறக்கையை வைத்தாள். தேய்க்காத வலது இறக்கை.

"என்ன இருக்கு?"

ஏகாம்பரத்தின் விரல் நகர்ந்தது. "ஒரு கோடு. நேரா போகுது. இங்க திரும்புது. இது... ஒரு சதுரம். மூடி போல இருக்கு. சுத்தி ஆணி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு... எட்டு ஆணி. அப்புறம் இந்தப் பக்கம் ஒரு கோடு..." அவருக்கே வேடிக்கையாக இருந்தது. "அட, எல்லாம் தெரியுதே டீச்சர்!"

அவள் அதை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுத்தாள்.

விரல் நகர்ந்தது. நகர்ந்துகொண்டே போய் ஓரத்தில் வழுக்கி விழுந்தது. திரும்ப வந்தது. மறுபடி ஓரத்தில் விழுந்தது.

"என்ன இருக்கு சார்?"

ஏகாம்பரம் இறக்கையைத் திருப்பிப் பிடித்து மறுபடி தடவினார்.

"சார்?"

"சோப்பு," என்றார் அவர். "சோப்பு மாதிரி இருக்கு."

கண்ணைத் திறக்கும்படி அவள் சொல்லவில்லை. அவரும் திறக்கவில்லை. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் தங்கியது.

முப்பத்தெட்டு வருடம் கோடு போட்டுச் சம்பளம் வாங்கியவர், அண்ணனுக்கென்று மிச்சமிருந்த கோடுகளைத் தேய்த்து, துடைத்து, ஊதியும் விட்டிருந்தார். எவ்வளவு பெரிய மடையன் நான் என்று நினைத்தார். வாய்விட்டும் சொன்னார்.

ஜெசிந்தா மறுக்கவில்லை.

*

"இன்னொரு பெட்டி கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்போ என்ன பண்றது?"

அவள் குனிந்து குப்பைக்கூடையில் கையை விட்டாள். உறுப்புகளை வெட்டி எடுத்தபின் வீசிய காலிச் சட்டம் ஒன்றை வெளியே எடுத்தாள். மெழுகு உருக்குகிற ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தாள்.

சட்டத்தின் ஒரு துண்டைச் சுடருக்குமேல் பிடித்து உருட்டினாள். அது பளபளத்து இளகியது. சுடரிலிருந்து விலக்கி, இரண்டு கையாலும் மெதுவாக இழுத்தாள்.

அவள் இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் இழை நீண்டது. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

அதை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, வழுக்கை இறக்கையின்மேல் படுக்க வைத்து, பசைத் தூரிகையால் ஒரு தொடு தொட்டாள். இழை இறக்கையோடு சேர்ந்துகொண்டது.

ஏகாம்பரம் விரலை வைத்துப் பார்த்தார். கோடு இருந்தது.

"இப்படி எத்தனை போடணும்?"

"நீங்க எத்தனை அழிச்சீங்க?"

*

அதற்குப் பிறகு ஏகாம்பரம் வீடியோ பார்க்கவில்லை.

ஒரு ஸ்பிரிட் விளக்கு வாங்கினார். தினமும் காலையில் சட்டத்தைச் சுட்டு இழுத்தார். முதல் வாரம் இழுத்த இழையெல்லாம் அறுந்தது. இரண்டாவது வாரம் விரல் சுட்டது. மூன்றாவது வாரம் ஒரு நல்ல இழை வந்தது. அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். "தலைமுடியைக் காட்டவா கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் அடுப்படிக்குத் திரும்பிவிட்டார்.

எந்தக் கோடு எங்கே போகவேண்டும் என்பதில் மட்டும் ஏகாம்பரத்துக்குச் சந்தேகமே வரவில்லை. அது அவர் தொழில். வலது இறக்கையின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எல்லாக் கோடுகளும் தாளில் வந்தன. தாளைத் திருப்பிப் போட்டார். இடது இறக்கை தயார்.

அலுவலகத்திலும் அப்படித்தான். கட்டடத்தின் ஒரு பாதியை வரைவார், தாளைத் திருப்புவார், மறுபாதி வந்துவிடும். முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கட்டடமும் அவரிடம் இது தப்பு என்று சொன்னதில்லை.

ஊசி முனையில் பசை தொட்டு, புள்ளி புள்ளியாக வைத்து ஆணித் தலைகளையும் உண்டாக்கினார். ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு இறக்கைகளையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார். தம்பியும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

மார்கழி போய்க்கொண்டிருந்தது. ஹோமிலிருந்து ஃபோன் வந்தது. தை இரண்டாம் தேதி வரலாம், அறை காலியாக இருக்கிறது என்றார்கள்.

சரி என்றார் ஏகாம்பரம்.

*

மார்கழியின் கடைசி ஞாயிறு.

வெயில் திரும்பி வந்து ஜன்னலில் இருந்த தாளின் மஞ்சளை எடுத்துவிட்டிருந்தது. ஜெசிந்தா விமானத்துக்கு வெள்ளி நிறம் அடித்தாள். கோடு மூழ்கிவிடக் கூடாது என்று ஒரே ஒரு கை, மெல்லிசாக. சின்னங்களை ஏகாம்பரமே தண்ணீரில் நனைத்து ஒட்டினார்.

எல்லாம் காய்ந்தபின் ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு வலது இறக்கையைத் தடவினாள். பிறகு இடது இறக்கையை. சக்கரக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூடியின்மேல் அவள் விரல் கொஞ்சம் நின்றது. அப்புறம் நகர்ந்தது.

"தப்பா டீச்சர்?"

"எனக்கு இந்த விமானத்தைத் தெரியாது சார்."

"அப்போ நான் யாரைக் கேட்கிறது?"

அவள் விமானத்தைப் பஞ்சில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு யாருடைய மேல்வரிசைப் பற்களையோ எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

*

போகிப் பண்டிகை அன்று காலை.

மாசிலாமணி குளித்து, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு நீலப் பை இருந்தது. நாலு வேட்டி, மாத்திரை, ரேடியோ. ஹோமுக்குக் கட்டிய பை. போவதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே கட்டி வைத்துவிட்டார். படையில் பழகிய பழக்கம்.

ஏகாம்பரம் விமானத்தைக் கொண்டுவந்து அண்ணன் மடியில் வைத்தார்.

"அண்ணே. இது."

"உம்," என்றார் மாசிலாமணி.

கையை வைத்தார். வைத்த கை அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மற்றக் கையும் வந்தது. இரண்டு கைகளும் மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஒருமுறை போய்வந்தன.

விமானம் எது என்று ஏகாம்பரம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

விரல்கள் வலது இறக்கைக்கு வந்தன. வேகமாக ஓடின. கோட்டில் ஏறி, திரும்பி, ஆணிகளைத் தொட்டு, ஓரத்துக்குப் போய்த் திரும்பின. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

விரல்கள் இடது இறக்கைக்கு வந்தன. மெதுவாகின. சக்கரக் கதவுக்குப் பக்கத்தில் நின்றன. பின்னால் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து நின்றன.

"இது யாரு போட்டது?"

"எது அண்ணே?"

"இந்த மூடி."

"நான்தான்."

"இங்க இல்லை."

"வலது பக்கத்துல இருந்ததைப் பார்த்து, அப்படியே திருப்பி..."

"வலது பக்கம் இருக்கிறதெல்லாம் இடது பக்கமும் எதுக்குடா இருக்கணும்? விமானம்னா உன் ஆபீஸ் கட்டடமா? இது இன்னும் உள்ள போகணும். சக்கரக் கதவுக்குப் பின்னாடி. கையை முழங்கை வரைக்கும் விட்டு, தோளைச் சாய்ச்சு, விரல் நுனியால திருகாணியைத் தேடணும். தேடுறதுக்குள்ள கழுத்து பிடிச்சுக்கும்."

இரண்டு வருடத்தில் அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஏகாம்பரம் கேட்டதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"தெரியலேண்ணே. அந்த இடத்தை நான் பார்த்ததில்லையே."

"பார்க்கவா?" மாசிலாமணி சிரித்தே விட்டார். "அங்க எவனுக்குடா கண்ணு எட்டும்? இருபத்திரண்டு வருஷமும் நான் கையாலதான் பார்த்தேன்."

சொன்னவர் சட்டென்று நின்றார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. விரல்கள் அந்த மூடியின்மேலேயே இருந்தன.

தெருவில் யாரோ போகி மேளம் அடித்துக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் தெருமுனைவரை போகும்வரை அண்ணன் அசையவில்லை.

"பிடுங்கு அதை," என்றார் பிறகு.

"இப்பவேவா?"

"பின்னே? தப்பான இடத்துல மூடியை வச்சுக்கிட்டு விமானம் வெளியே போகலாமா? பென்சிலை எடு. என் விரலைப் பிடி. இங்க. இல்லை, இன்னும் கொஞ்சம். இங்க."

ஏகாம்பரம் அண்ணனின் விரலைப் பிடித்துக்கொண்டு, அது நின்ற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்தார். கோடு கோணலாகப் போனது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான கோடு போட்டதில்லை.

"அண்ணே," என்றார். ஐம்பத்தேழு வருடமாக வராத வார்த்தை வந்தது. "போகாதேண்ணே."

"பேசாம பென்சிலைப் பிடிடா. கை ஆடுது உனக்கு."

*

பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு ஏகாம்பரம் மாடியேறி வந்தார்.

"முடிஞ்சுதா சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"எங்க டீச்சர்? அண்ணன் இன்னும் ஒன்பது தப்பு கண்டுபிடிச்சிருக்கார். வலது பக்கத்துலயே மூணு. அச்சு வார்த்தவனுக்கே விமானம் தெரியலைன்னு நேத்து காலையிலேருந்து ஒரே திட்டு. என்னைத் திட்டுறார், அவனைத் திட்டுறார், ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுறார்."

ஜெசிந்தா தலை நிமிர்ந்தாள்.

"அப்போ எப்போ முடியும்?"

ஏகாம்பரம் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, அதிலிருந்த காலிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கையோடு கொண்டுவந்திருந்த காலியான நீலப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.